கடல் கடந்த வழக்கு

“மதம் மனிதனைப் பண்படுத்துகிறது, மதம் இல்லையேல் மனிதன் மிருகம்!” — மதுரையிலே, ஒரு மண்டபத்திலே, சொற்போர் மேடையிலே நண்பர் ஒருவர் முழங்கினார். கைத்தட்டல் எழுந்தது. எழாமலிருக்குமா? குரலிலே வளமிருந்தது, பேச்சிலே குழைவிருந்தது, நெற்றியிலே நீறும் இருந்தது. எதிர்த்துப் பேச அழைக்கப்பட்டிருந்த நாமும் எழுந்தோம், பேசினோம். நடுவர் தீர்ப்பளித்தார்: “மதம் நல்லதே, மனிதர் சிலர்தாம் அதைக் கெடுக்கின்றனர்.” இரு தரப்பாருக்கும் வலிக்காத தீர்ப்பு! பொன்னாடை போர்த்தினார்கள், காப்பி கொடுத்தார்கள், கலைந்தோம்.

அத்தோடு முடிந்திருக்கும். முடியவிடாமற் செய்தவன் பதின்மூன்று வயதுச் சிறுவன்.

நாம் ஆசிரியர். மதுரைக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியிலே உள்ள ஒரு சிற்றூரிலே பாடம் சொல்லிப் பிழைப்பவர். பிள்ளைகளைச் சுற்றுலாவாக மதுரைக்கு அழைத்து வந்தோம். திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்தனர். காந்தி அருங்காட்சியகம் பார்த்தனர். மீனாட்சி கோயிலுக்கும் வந்தனர். நமக்கு நம்பிக்கையில்லை, ஆனால் பிள்ளைகள் கல்லிலே கண்ட கலையைக் காணாமற் போவானேன்? பொற்றாமரைக் குளத்தின் படியிலே அமர்ந்திருந்தபோது, நம் அருகே வந்து அமர்ந்தான் அந்தச் சிறுவன். சேரியிலிருந்து வருபவன். கணக்கிலே புலி. மெல்லக் கேட்டான்: “சார், இங்க எங்கள உள்ள விடுறாங்க. எங்க ஊரு அம்மன் கோயில்ல மட்டும் ஏன் சார் விட மாட்டேங்குறாங்க?”

பெரிய கோயிலிலே நுழைந்தவன் சிறிய கோயிலிலே நுழைய முடியவில்லை! நான்கு திசையிலும் வானளாவக் கோபுரம் நிற்கும் ஊரிலே தடையில்லை. ஓட்டுக் கூரையும் ஒற்றை மணியும் உள்ள இடத்திலே தடை! இரண்டிலும் அம்மன், இரண்டிலும் குங்குமம், இரண்டிலும் அதே மதம். அப்படியானால் இங்கே கதவைத் திறந்தது எது? அங்கே அடைத்து வைத்திருப்பது எது? நடுவர் தீர்ப்பு அந்தப் படியிலே நமக்கு உதவவில்லை. சிறுவனிடம், “ஊருக்குப் போய்ச் சொல்கிறேன்” என்றோம். ஊருக்குப் போய் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1897-ஆம் ஆண்டு மே மாதம். ஊர் கமுதி, இன்று இராமநாதபுரம் மாவட்டத்திலே இருக்கிறது, அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கும் ஒரு மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். நாடார் சமூகத்தார் சிலர் உள்ளே சென்றனர். உண்டியலை உடைத்தனரா? நகையைப் பறித்தனரா? இல்லை... கும்பிட்டனர்! அதுதான் குற்றம். கோயிலின் பரம்பரை அறங்காவலர், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, மதுரை நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார். இவர்கள் நுழைய உரிமையற்றவர், ஆலயம் தீட்டுப்பட்டது, தீட்டுக் கழிக்கும் செலவையும் இவர்களே தரவேண்டும் — இவை வழக்கின் சாரம்.

சேதுபதி கொடியவரா? அன்று, அங்கேதான் வேடிக்கை. தமிழ்ப் புலவரை ஆதரித்த வள்ளல் அவர். 1893-இலே சிகாகோவிலே விவேகானந்தர் மதத்தின் பெருமையை முழங்கினாரே, அவர் அங்கே செல்லத் தூண்டுகோலாயிருந்தோரிலே ஒருவர். 1897 ஜனவரியிலே விவேகானந்தர் திரும்பி வந்து பாம்பனிலே இறங்கியபோது எதிர்கொண்டு வணங்கி வரவேற்றவரும் அவரே. உலகத்து மதங்களெல்லாம் ஒன்றே என்ற முழக்கத்துக்கு ஜனவரியிலே வரவேற்பு. பக்கத்துத் தெருக்காரன் கும்பிட்டதற்கு அவ்வாண்டே வழக்கு! தனி மனிதர் நல்லவர், தாராளர், கற்றவர். அப்படிப்பட்டவர் கையாலேயே அந்த மனுவிலே கையெழுத்திடச் செய்தது எது? கெட்ட மனிதர் மதத்தைக் கெடுக்கின்றனர் என்றாரே நடுவர், அவர் இதற்கு என்ன சொல்வார்? இங்கே கெட்டுப்போனது எது, கெடுத்தது எது?

1899-இலே தீர்ப்பு வந்தது, நாடார்கள் தோற்றனர். அதே ஆண்டு ஜூன் மாதம் சிவகாசியிலே கலகம். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அங்கும் பிணக்கின் வேரிலே கோயில் நுழைவே இருந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது, அங்கும் தோல்வி. நாடார்கள் விடவில்லை, லண்டனுக்கே முறையிட்டனர், பிரிவி கவுன்சிலுக்கு. ஆலயத் தரப்பும் அங்கே எதிர்வாதம் செய்தது. சேதுபதி 1903-இலே மறைந்தார். வழக்கு மறையவில்லை, மகன் பெயரிலே நடந்தது. 1908-இலே இறுதித் தீர்ப்பு: நுழைய உரிமையில்லை!

தோழர்களே, இந்தக் காட்சியைச் சற்று நின்று பாருங்கள். கடல் கடப்பது பாவம் என்று விதித்தது வைதீகம்; கடந்து மீண்டவனுக்குப் பிராயச்சித்தம் வைத்தது. அந்த வைதீகம், கமுதியிலே மீனாட்சியை யார் கும்பிடலாம் என்று முடிவு செய்யும் உரிமையைக் கடலுக்கு அப்பால் விட்டது! வெள்ளையர், மாட்டிறைச்சி உண்போர், வைதீகக் கணக்கிலே மிலேச்சர், லண்டனிலே நாற்காலியிலே அமர்ந்து சொல்கின்றனர், “நாடார் நுழைந்தால் தீட்டு” என்று. அவர்கள் வாயாலே வந்த சொல் மட்டும் தீட்டுப்படவில்லை, இனித்தது! சாத்திரம் காட்டினர், வழக்கம் காட்டினர், சாட்சி நிறுத்தினர். பதினோராண்டு... அந்தப் பதினோராண்டிலே கருவறையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

கோயில் அடைத்தபோது அந்த மக்கள் என்ன செய்தனர் என்பதை நம் மாணவர்க்கு நாம் மறவாமற் சொல்வதுண்டு. 1889-இலேயே, வழக்குக்கு முன்பே, விருதுநகரிலே சத்திரிய வித்யாசாலை என்று பள்ளி திறந்தனர். பின்னாளிலே காமராசர் படித்தது அங்கேதான். ஒரு கதவை மதம் சாத்திற்று. மற்றொரு கதவை மக்கள் தம் கைக்காசிலே வைத்துக்கொண்டனர்.

1908-இலிருந்து 1939-க்கு வருவோம். முப்பத்தோராண்டு. ஜூலை 8-ஆம் நாள் காலை. மதுரை மீனாட்சி கோயில். அ. வைத்தியநாத ஐயர், எல்.என். கோபாலசாமி முதலியோர் துணைவர, ஆதிதிராவிடத் தோழர் ஐவரும் நாடார் ஒருவரும் உள்ளே சென்றனர். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிலே பிறந்து பின்னாளிலே அமைச்சரான கக்கன் அந்த ஐவரிலே ஒருவர். ஆலய நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார். நாம் அமர்ந்திருந்த பொற்றாமரைப் படி, பிள்ளைகள் அண்ணாந்து பார்த்த மண்டபம், எல்லாம் அன்றுதான் அந்தச் சிறுவனின் முன்னோர்க்குத் திறந்தன. அதற்கு முன் எத்தனை நூற்றாண்டு வெளியே நின்றனர்? கணக்கிலே புலியாகிய அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

பிறகு நடந்ததுதான் பாடம். பட்டர்கள் பூசை செய்ய மறுத்தனர், சன்னதியைப் பூட்டினர். மீனாட்சி கோயிலை விட்டே வெளியேறிவிட்டாள் என்று பேசினர். வெளியேறியவள் எங்கே போனாள்? நகரிலே ஒரு சனாதனியின் வீட்டுக்கு! அங்கே தனியாகக் கோயில் வைத்து ஆண்டுக்கணக்கிலே வழிபட்டனர். அகிலாண்டத்தையும் ஈன்றவள் என்று பாடுவர். ஆறு பேர் எதிரே நின்றதும் அஞ்சி ஓடினாள் என்பர்! நாத்திகராகிய நாமும் அப்படி இழித்துப் பேசியதில்லை.

அரசு அவசரச் சட்டம் போட்டது. அதே ஆண்டு சட்டமும் ஆக்கிற்று. இராசாசி அமைச்சரவை. சட்டத்தின் தலையான நோக்கம் என்ன? கோயிலைத் திறந்துவிட்ட அதிகாரிகள்மீது வழக்கும் தண்டனையும் வாராமற் காப்பது! கும்பிட வந்தவனை உள்ளே விட்டவனைக் கோயில்காரரிடமிருந்து காப்பாற்றச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. எல்லார்க்கும் எல்லாக் கோயிலும் என்ற முழுச் சட்டம் 1947-இலே வந்தது.

இங்கே நண்பர் குறுக்கிடுவார்: “வைத்தியநாத ஐயர் பக்தர்தாமே? மதம்தானே அவரை அந்தப் பணியிலே ஏவியது?” நேர்மையான கேள்வி, நழுவ மாட்டோம். ஆம், பக்தர். இறுதிவரை பக்தர். அவர் நெஞ்சிலே இருந்தது பக்தியா, பரிவா, காந்தியார்மீது கொண்ட பற்றா என்று பிரித்துக் காட்ட நம்மிடம் தராசு இல்லை. ஆனால் ஒன்று கண்கூடு. அவர் அந்தச் செயலைச் செய்தபோது, அவர் மதத்தின் காவலர் அவர் பக்கம் நின்றனரா? சொந்தச் சாதியார் அவரைப் புறக்கணித்தனர், ஒதுக்கி வைத்தனர். மதத்துக்குள்ளே ஒருவர் மனிதராக நின்றார். மதம் அவரைத் தண்டித்தது. இன்று அவர் பெயரைச் சொல்லி மதம் பெருமை தேடுகிறது. ஐம்பது ஆண்டு பொறுத்தால் போதும், அடித்தவனே மாலையோடு வருவான்!

இது நம்மூர்ப் புதுமையன்று. அமெரிக்காவிலே, அடிமைகளை வைத்திருந்த தென்மாநிலத்துப் பாப்டிஸ்டுக் கிறித்தவர்கள் 1845-இலே தனிச் சபை கண்டனர். அடிமை வைத்திருப்பவர் மத ஊழியராகலாம் என்பதை நிலைநாட்டவே அந்தப் பிரிவினை. அந்தச் சபை அதற்கு வருந்தி மன்னிப்புக் கேட்டது எப்போது? 1995-இலே, நூற்றைம்பது ஆண்டு கழித்து. அடிமை முறையை எதிர்த்துக் குரல் கொடுத்த குவேக்கர்களும் கிறித்தவரே, மறைக்கவில்லை. இரு தரப்பாரும் ஒரே வேதத்தைக் கையிலே வைத்திருந்தனர். அப்படியானால் எது நல்லது என்று காட்டிய விளக்கு அந்த வேதமாக இருந்திருக்க முடியுமா?

சட்டம் வந்தது; சிறுவனின் ஊருக்கு வரவில்லையே, ஏன்? அதற்கு உத்தப்புரம் போகவேண்டும். மதுரை மாவட்டம், பேரையூர் வட்டாரம். 1989-இலே கலவரம்; அதையடுத்து ஊருக்கு நடுவே சுவர் எழுந்தது. இப்பக்கம் ஒரு சாதி, அப்பக்கம் ஆதிதிராவிடர். பிணக்கின் நடுவே நின்றவை எவை தெரியுமா? முத்தாலம்மன் கோயிலும் ஓர் அரசமரமும்! அரசமரத்தைச் சுற்றி வருவது அவர்கள் உரிமையா, இவர்கள் உரிமையா என்பது வழக்கு. மரத்துக்கு வாயிருந்தால் சிரித்திருக்கும். கிட்டத்தட்ட இருபதாண்டு அந்தச் சுவர் நின்றது. சந்திரனுக்கு ஆய்வுக்கலம் அனுப்ப இந்தியா ஆயத்தமாகிக்கொண்டிருந்த 2008-ஆம் ஆண்டிலே, மே 6-ஆம் நாள், பொதுவுடைமைத் தோழரும் தீண்டாமை ஒழிப்பாளரும் போராடிய பிறகு, காவல் படை சூழ அரசு அதிகாரிகள் சுவரின் ஒரு பகுதியை இடித்தனர். இடித்தது சில அடி அகலப் பாதைக்கு! அதற்கே மறுதரப்பார் ஊரைக் காலி செய்துவிட்டு மலையடிவாரத்திலே போய்த் தங்கினர். 1939-இலே மீனாட்சி வெளியேறினாள் என்றார்களே, 2008-இலே பக்தர்களே வெளியேறினர். 2011-இலேதான் அந்த அம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் காவலர் துணையோடு அடிவைத்தனர்.

கமுதி 1897, மதுரை 1939, உத்தப்புரம் 2008. எங்கேனும் ஓரிடத்திலே, “வாருங்கள், நீங்களும் என் மக்களே” என்று மதமே முன்வந்து கதவைத் திறந்ததாக நண்பர் காட்டட்டும். திறந்தது போராட்டம், திறந்தது சட்டம், திறந்தது காவலர் லத்தி. திறந்த பின்னரே மதம் சொல்லிற்று, “நான் எப்போதும் எல்லார்க்கும் பொது” என்று.

கதவு திறந்ததே, கருவறை? 1970-இலே அனைத்துச் சாதியாரும் அர்ச்சகராகச் சட்டம் வந்தது, நீதிமன்றத்திலே முடங்கிற்று. 2006-இலே மீண்டும் சட்டம். மதுரை உட்பட ஆறிடங்களிலே பயிற்சிப் பள்ளி. 200-க்கு மேற்பட்டோர் மந்திரமும் முறையும் கற்றுத் தேறினர். பல்லாண்டு வேலையின்றிக் காத்திருந்தனர். 2018-இலே ஒருவருக்கு, மதுரைத் தல்லாகுளத்து அய்யப்பன் கோயிலிலே, இடம் கிடைத்தது. 2021-இலே மேலும் சிலருக்கு. மந்திரத்தை நாம் மதிப்பதில்லை. ஆனால் படித்தவனுக்கு வேலையில்லை, பிறந்தவனுக்கே வேலை என்றால் ஓர் ஆசிரியனுக்குக் கோபம் வராதா?

“சாதிதான் நோய்; மதத்தை ஏன் வைகிறீர்?” என்பார் நண்பர். சரி, சாதியை விட்டு மதத்தை மட்டும் பார்ப்போம். நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்த கீழக்குயில்குடி. அங்கே ஒரு மலை, பெயரே சமணமலை. அடிவாரத்திலே தாமரைக் குளம், ஐயனார் கோயில், மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. மாங்குளத்திலே அதனினும் பழமை. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டு, நெடுஞ்செழியன் பெயர் தாங்கியது. துறவியர் படுத்த கற்படுக்கை. பிள்ளைகளை அங்கெல்லாம் அழைத்துச் செல்வது நம் வழக்கம். பள்ளி என்று நாம் சொல்லும் சொல்லே அந்தத் துறவியர் உறைவிடத்துக்கு வழங்கிய பெயர். நாம் சம்பளம் வாங்கும் இடத்தின் பெயரிலே அவர்கள் இருக்கிறார்கள், ஊரிலே இல்லை. எங்கே போனார்கள்?

புராணம் விடை சொல்கிறது. பெரியபுராணம் பாடுகிறது, பரஞ்சோதியார் திருவிளையாடல் அதற்கெனத் தனிப் படலமே வகுத்திருக்கிறது. ஞானசம்பந்தரோடு நடந்த வாதிலே தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையிலே கழுவேற்றப்பட்டனராம். எண்ணாயிரம்! உண்மையிலே நடந்ததா? வரலாற்றறிஞர் பலர் ஐயுறுகின்றனர். சான்று போதாது என்கின்றனர். நடந்திராதென்றே வைத்துக்கொள்வோம். நடவாதிருக்கவேண்டும் என்பதே நம் விருப்பமும். ஆனால் நண்பரே, நடவாத ஒரு கொலையை நடந்ததாகக் கற்பித்து, கவி பாடி, கேட்டுக் கசிந்துருகிக் கைகூப்ப ஒரு நெஞ்சம் பழகியிருக்கிறதே, அதைப் பழக்கியது எது? கொலைகாரன் கூடத் தன் கொலையை மறைப்பான். செய்யாத கொலைக்குப் பெருமை கொண்டாடுவதை மதம் ஒன்றிலேதான் காண்கிறோம். சமணர் புனிதரா? அவர்கள் கையிலே அரசிருந்தபோது அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயிலே இட்டதாக அதே புராணம் பேசுகிறது. எவன் பக்கம் மன்னனோ அவன் பக்கம் கழுமரம். புராணத்திலிருந்து கற்கத்தக்க அரசியல் அது ஒன்றுதான்.

வேறு மதங்களுக்கு விலக்களிக்கிறோமா? 1606-இலே மதுரைக்கு வந்தார் இராபர்ட் தெ நோபிலி. எல்லாரும் ஒரு தந்தையின் பிள்ளைகள் என்ற மதத்தின் தூதர். வந்தவர் சந்தனம் பூசினார், நூல் தரித்தார், மேற்சாதிச் சந்நியாசியாக வாழ்ந்தார். அதற்குமுன் மதுரையிலே கிறித்தவராயிருந்த பரதவரிடமிருந்து விலகித் தனிக்கோயில் கண்டார். 1623-இலே போப்பாண்டவரும் இசைவளித்தார். தமிழ் கற்றார், தமிழிலே உரைநடை எழுதினார், அதற்கு நன்றி. ஆனால் ஏசுவுக்கும் சாதிக்குமிடையே வழக்கு வந்தபோது சாதிதான் வென்றது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே பிணங்களுக்கிடையே சாதிச் சுவர் நின்ற கதை அதன் தொடர்ச்சியே. செத்தவனுக்குமா தீட்டு?

இனி அறம். நண்பரின் வலுவான வாதம் அதுதான். “மதம் பள்ளி கட்டவில்லையா? மருத்துவமனை கட்டவில்லையா?” கட்டியது. மதுரையிலே அமெரிக்கன் கல்லூரி 1881 முதல் நடக்கிறது. பாதிரியார் கண்ட கல்லூரி. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இலே பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகமறிந்தது. அவர் அரவிந்தரின் அடியார், பெயரே சான்று. நாம் மறுக்கவில்லை. நம் பாட்டியின் கண்புரையை எடுத்ததும் அங்கேதான். அந்த மனிதரின் பக்தி அவரை உந்தியிருக்கலாம், அவரை வணங்குகிறோம். ஆனால் பாட்டியின் கண்ணிலே வைத்த வில்லை எந்த வேதத்திலே வார்க்கப்பட்டது? அது கோத்திரம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை, இன்னாருக்குத் தெரிவேன், இன்னாருக்குத் தெரியேன் என்று சொல்லவில்லை. மந்திரத்துக்குத் தகுதி பார்க்கிறார்கள். மருந்துக்குப் பார்க்க முடியவில்லை. மதத்தார் செய்த நன்மையிலே பெரிய நன்மைகளெல்லாம், அவர்கள் மதத்தை வாசலிலே கழற்றி வைத்துவிட்டுச் செய்த நன்மைகளாக இருப்பதைப் பாருங்கள்.

திருவிழாவும் உண்டு. சித்திரையிலே அழகர் ஆற்றிலே இறங்கும்போது நாமும் வைகைக் கரைக்குப் போவதுண்டு. தோழர் சிலர் கேலி செய்கின்றனர். நீர்மோர் கொடுக்கிறார்கள், குடிக்கிறோம். இலட்சக்கணக்கான உழவரும் உழைப்பாளரும் ஒரு நாள் வீட்டுக் கவலை மறந்து மகிழ்வதைக் காணக் கசக்குமா? வண்டியூரிலே அழகர் துலுக்க நாச்சியார் வீட்டிலே தங்குகிறார் என்று மக்கள் கதை கட்டியிருக்கிறார்களே, அதிலே உள்ள அன்பு நமக்கும் இனிக்கிறது. எந்த ஆகமத்திலும் இல்லாத கதை! பாமரர் தாமே புனைந்து, கடவுளுக்கே சம்பந்தம் பேசி, இரு வீட்டாரை உறவாக்கினர். மதத்தின் காவலர் அதைக் கற்பிக்கவில்லை. காவலர் கற்பிப்பது எது என்று காணவேண்டுமானால் திருப்பரங்குன்றம் செல்லவேண்டும்.

ஒரே குன்று. அடிவாரத்திலே முருகன், உச்சியிலே சிக்கந்தர் தர்கா, இடையிலே சமணர் கற்படுக்கை. மூன்றையும் அந்தப் பாறை தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, முணுமுணுக்கவில்லை. மனிதர் தாங்கவில்லை. மலை யாருக்கு என்று 1920-இலே வழக்கு. 1923-இலே மதுரை நீதிமன்றத் தீர்ப்பு. இறுதியிலே அதுவும் கடல் கடந்து லண்டன் போயிற்று! 1931-இலே பிரிவி கவுன்சில் பிரித்துக் கொடுத்தது: நெல்லித்தோப்பும், தர்காவும், அதற்கேறும் படிகளும் முசுலிம்களுக்கு, எஞ்சிய மலை கோயிலுக்கு. அந்தக் கோடு கிழித்து ஏறத்தாழ நூறாண்டு ஆகப்போகிறது. அடிவாரத்துக் கடைத்தெருவிலே இரு மதத்தாரும் பூவும் பழமும் விற்று வாழ்ந்தனர். 2025 பிப்ரவரியிலே, தர்காவிலே ஆடு வெட்டுவது பற்றிய பூசலிலே, நகரமெங்கும் தடையுத்தரவு, பழங்காநத்தத்திலே ஆர்ப்பாட்டம். டிசம்பரிலே, தீபத்தை மலையின் எந்த இடத்திலே ஏற்றுவது என்று மீண்டும் நீதிமன்றம், மீண்டும் காவலர் வேலி. நக்கீரரைச் சிறைவைத்த பூதம் அந்தக் குன்றிலே இருந்ததாகப் பழங்கதை சொல்வர். கதையிலே முருகன் வந்து சிறைமீட்டான். இப்போது அகப்பட்டிருப்பது மதுரையே. மீட்க யார் வருவார் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்களிலே மதுரையார் எல்லாரும் வெறிகொள்ளவில்லை. வெளியூர்க்காரர் வந்து எங்களைப் பிரிக்கவேண்டா என்று ஊர்க்காரர்களே கூறினர்; இரு மதத்தாரும் சேர்ந்து கூறினர். அவர்களைப் படைத்தது எந்த மதம்? அடுத்த வீட்டிலே உப்புக் கடன் வாங்கிய பழக்கம், பிள்ளைகள் ஒரே பள்ளியிலே படித்த உறவு, ஒரே சந்தையிலே விற்று வாங்கிய நம்பிக்கை — அவை படைத்தன. மதம் இல்லையேல் மனிதன் மிருகம் என்றாரே நண்பர், மதம் வந்து கூப்பிட்டபோதும் மிருகமாக மறுத்தவர்கள் அவர்கள்.

சிறுவனுக்கு இவ்வளவும் சொன்னோமா? சுருக்கித்தான் சொன்னோம். வகுப்பறையிலே சொல்லவில்லை, வகுப்பிலே இதெல்லாம் வேண்டா என்று நமக்கு மேலிருப்போர் அறிவுறுத்தியிருக்கின்றனர். மாலையிலே, வேப்பமரத்தடியிலே சொன்னோம். கவனமாகக் கேட்டான். கடைசியிலே கணக்குப் போட்டான்: “1939-ல மதுரைக்கு வந்துச்சு. எங்க ஊருக்கு வர இத்தன வருஷமாகியும் பத்தலயா சார்?” பேருந்து வருகிறது, மின்சாரம் வந்தது, கைப்பேசிக் கோபுரம் கூட வந்தது என்று அவனே சொல்லிக்கொண்டான்.

சென்ற வாரம் ஒரு மனு எழுதினோம். அம்மன் கோயில் எல்லார்க்கும் பொது, சட்டப்படி திறந்துவிடவேண்டும், வரும் பொங்கல் சாட்டுதலுக்குள் வட்டாட்சியர் நேரிலே வந்து ஆவன செய்யவேண்டும் என்று. பதினேழு பேர் கையொப்பமிட்டனர். நான்கு பேர் மறு தெருவைச் சேர்ந்த இளைஞர். அவர்களிலே மூவர் கடவுளை நம்புகிறவர்கள், ஒருவர் நெற்றியிலே குங்குமம் அழியாமலே வந்து கையொப்பமிட்டார். நாம் அவரிடம் வாதம் செய்யவில்லை, பேனாவைக் கொடுத்தோம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு வட்டாட்சியர் அலுவலகத்திலே தந்த ஒப்புகைச் சீட்டு நம் சட்டைப் பையிலே இருக்கிறது. சாட்டுதலுக்கு இன்னும் நாற்பத்தோரு நாள். சிறுவன் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலே நாள்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறான்.